ஒரு பிள்ளை உள்ளவர்கள்

கலாராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்னையர் தின ஆராதனையில், சபை நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, கையிலிருந்த தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் விறுவிறுவென்று முன்னுக்கு நடப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், காலையில் சேலை கட்டும்போது அவளே நினைக்கவில்லை.

அந்தச் சபையில் அன்னையர் தினம் பெரிய விசேஷம். அன்றைக்குப் பெண்கள் அடுப்புப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மண்டபத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆண்கள்தான் வெங்காயம் உரித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, கோழிக்கறி ஆக்குவார்கள். பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் தாய்மாரை எழுந்து நிற்கச் சொல்வார். அதிகம் பெற்றவரில் தொடங்கி, ஐந்து பிள்ளைகள், நான்கு பிள்ளைகள் என்று இறங்கி வருவார். எழுந்தவர்களுக்கு ஆளுக்கொரு ரோசாப்பூவும் கோப்பையும். அதிகம் பெற்றவருக்குச் சேலை. பிள்ளை இல்லாதவர்களை யாரும் ஒதுக்கிவிடுவதில்லை. அப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரர்கள் அந்தச் சபையில் கிடையாது. “நீங்க தேத்தண்ணி ஊத்துங்க” என்று அன்பாக ஒரு வேலையைக் கொடுத்து, பின்னால் நிற்க வைத்துவிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து கலாராணிதான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவள் ஊற்றியிருக்கக் கூடாது. அதுதான் அவள் நெஞ்சில் அறுத்துக்கொண்டிருந்தது.

போன டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு, பாஸ்டர் நாலு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஒரே விஷயத்தைப் பேசினார். கர்ப்பத்தில் உண்டான நாளிலிருந்தே பிள்ளை முழு மனுஷ உயிர், அதைக் கலைக்க ஒருவருக்கும் உரிமையில்லை என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். சபை முழுதும் ஆமென் போட்டது. மற்றவர்கள் ஆமெனோடு வீட்டுக்குப் போனார்கள். கலாராணி நேரே மேல் லயத்துக்குப் போனாள். அங்கே சுதர்ஷினி, புருஷன் கொழும்பில், இரண்டு பிள்ளைகள் மடியில், மூன்றாவது வயிற்றில் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருத்தி மருந்து தருவாளாம் என்று விசாரித்துக்கொண்டும் இருந்தாள்.

“அது ஆளுடி சுதர்ஷினி,” என்றாள் கலாராணி. “இன்னும் மொகம் பாக்காத ஆளு. நீ பெத்து மட்டும் குடு. மடுவத்துல நா எதுக்கு இருக்கேன்? பகல் பூரா நா பாத்துக்கிறேன்.”

மடுவம் என்றால் பிள்ளை மடுவம். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டம் வைத்திருக்கும் இடம். கலாராணி அங்கே ஆயம்மா. வாயால் சொன்னதோடு அவள் நிறுத்தவில்லை. சுதர்ஷினியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். மசக்கைக்குப் புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தாள். கொழும்பிலிருந்த புருஷனைத் தொலைபேசியில் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். அந்த ஓட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இத்தனை காலம் கழித்து அவளும் உண்டாகியிருந்தாள்.

“ரெண்டும் ஒரே தொட்டில்ல கெடந்து சண்ட போடட்டும்,” என்று இருவரும் சிரித்தார்கள்.

மார்ச் மாதம், ஐந்தாவது மாத முடிவில், கலாராணியின் பிள்ளை அசைவதை நிறுத்திவிட்டது. புருஷன் ஜெயகுமார் தன் ஓட்டோவிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது என்றார்கள்.

துக்கம் கேட்க லயமே வந்தது. “மனசத் தேத்திக்க, அது வெறும் பிண்டந்தானே” என்றார்கள். “அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்” என்றார்கள். எல்லாம் ஆமென் போட்ட அதே வாய்கள். பாஸ்டரும் வந்தார். கலாராணியின் உடம்பு தேற வேண்டுமென்று உருக்கமாக ஜெபித்தார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

இன்றைக்கும் அப்படித்தான் இருந்திருப்பாள், பாஸ்டர் சும்மா இருந்திருந்தால்.

ஏழு பெற்ற ஜீவராணி அக்காவுக்குச் சேலை போனது. ஐந்தும் நான்கும் முடிந்து மூன்று பிள்ளை உள்ளவர்களுக்கு வந்தார். சுதர்ஷினி பெரிய வயிற்றோடு உட்கார்ந்தே இருந்தாள்.

“என்ன சுதர்ஷினி, எழும்புங்க,” என்று சிரித்தார் பாஸ்டர். “வயித்துல இருக்கிறதும் கணக்குத்தான். ஆண்டவருக்கு அது எப்பவோ ஆளாச்சே.”

சபை கைதட்டியது. கலாராணிக்கும் மனம் குளிர்ந்தது. அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பதில் அவளுக்கும் பங்குண்டு. ஆனால் கைதட்டல் ஓய்வதற்குள் அவளுடைய குளிர்ச்சியும் ஓய்ந்துவிட்டது. இது கணக்கு என்றால், அது ஏன் கணக்கில்லை?

இரண்டு பிள்ளை உள்ளவர்கள் எழுந்து அமர்ந்தார்கள். “இனி, ஒரு பிள்ள உள்ளவங்க,” என்றார் பாஸ்டர். இளம் அம்மாமார் மூன்று பேர் எழுந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கலாராணி போய் நின்றாள்.

“என்ன கலாராணி, தேத்தண்ணி முடிஞ்சிருச்சா?”

“இல்லீங்க ஐயா. ஒரு பிள்ள உள்ளவங்கள எழும்பச் சொன்னீங்க. நிக்கிறேன்.”

பூக்கூடையைப் பிடித்திருந்த பாஸ்டரம்மா புருஷன் முகத்தைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, ஒங்க வேதன எங்களுக்குப் புரியாம இல்ல. ஆனா, அத ஆண்டவர் எடுத்துக்கிட்டாரே…”

“எடுத்துக்கிட்டாருன்னா இருந்துச்சுன்னுதானே ஐயா அர்த்தம்? இல்லாத ஒண்ண எப்பிடி எடுப்பாரு?”

“பாவம், மனசு சரியில்ல. கூட்டிப்போய் ஒக்கார வைங்க,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கலாராணி திரும்பினாள். “எம் மனசு நல்லாத்தான் இருக்கு. சுதர்ஷினி வயித்துல இருக்கிறது ஆளுன்னா, எம் வயித்துல இருந்ததும் ஆளுதான். அது வெறும் பிண்டமுன்னா, நா இவகிட்டப் போய்ச் சொன்னதெல்லாம் பொய். ஒண்ணு, ரெண்டையும் எண்ணுங்க. இல்லாட்டி இவளோடதையும் எண்ணாதீங்க.”

சுதர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்து நின்றாள். “அக்கா வந்து சொல்லாட்டி இது இல்லீங்க ஐயா,” என்றாள்.

பாஸ்டர் நல்ல மனுஷர். வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள், அல்லது ஒரு பாட்டைத் தொடங்கிச் சமாளித்திருப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“தங்கச்சி சொல்றதுதான் சரி,” என்றார் சபையைப் பார்த்து. “நா இவங்க வீட்டுக்குப் போய் ஜெபிச்சேன். அந்தப் பிள்ளைக்குன்னு ஒரு வார்த்த ஜெபிக்கல. படிச்சுக் குடுத்தவனே மறந்துட்டேன்.” கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்து அவரே கொண்டுவந்து கலாராணியின் கையில் கொடுத்தார். “இப்ப எல்லாரும் சேந்து ஜெபிப்போம். தங்கச்சி, ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?”

அத்தனை பேரையும் வாயடைக்க வைத்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் தெரியாது. மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேட்டபோதெல்லாம், தெரிந்தால் துக்கம் கூடும் என்று மாமியார் பேச்சை மாற்றினார். புருஷன் எழுந்து வெளியே போய்விடுவான்.

“தெரியலீங்க ஐயா,” என்றாள். “எனக்கு யாரும் சொல்லல.”

“பொம்பளப் புள்ள.”

கொட்டகை வாசலில் ஜெயகுமார் நின்றான். கையெல்லாம் மிளகாய்த்தூள். சபையில் வாய் திறந்து ஒரு சாட்சி கூடச் சொல்லாத மனுஷன் அவன்.

“பொம்பளப் புள்ள ஐயா. நாந்தான் கையில வாங்கினேன். கொண்டாந்து நாந்தான் பொதச்சேன்.” பிறகு அவன் பாஸ்டரை விட்டுவிட்டு அவளிடம் பேசினான். “வெரலெல்லாம் இருந்துச்சு கலா. நெத்தி அப்பிடியே ஒன்னோடது. சொன்னா நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன். நாந்தான் தாங்கல.”

அவள் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபத்துக்குத்தான் பேர்போனவள் ஆயிற்றே. ஆனால் அந்த நெற்றியை இவன் பார்த்திருக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இத்தனை நாளும் அந்தப் பிள்ளையைத் தான் ஒருத்தி மட்டுமே சுமப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

“பேரு வச்சீங்களா?”

“இல்ல.” அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான். “நீதானே அம்மா. நீ வைக்கணும்னு விட்டுட்டேன்.”

கலாராணி பாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“சுகிர்தா,” என்றாள், கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி. “ஜெயகுமார் மக சுகிர்தா. இந்தப் பேரச் சொல்லி ஜெபிங்க ஐயா.”