சணலா, வெள்ளையா

“கையைக் கொஞ்சம் நீட்டும்மா” என்று சொல்லி, பெய்-ஜென்னின் கறுப்பு அங்கியின் இடது கையில் சணல் துணித்துண்டை ஊக்கால் குத்தினார் சாவுச் சடங்கு நடத்த வந்த காவ். அப்பா செத்தால் இடது கை. செத்தவரின் ஒரே மகள் அவள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற யி-வென், யாரும் சொல்வதற்கு முன்பே தன் இடது கையை நீட்டினாள்.

காவின் கை தாம்பாளத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. துண்டுகள் சணல், வெள்ளை, நீலம் என்று தனித்தனியாக அடுக்கியிருந்தன.

“இவங்களுக்கு எதும்மா?” என்று யூ-லானைப் பார்த்துக் கேட்டார்.

யூ-லான் பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பூக்களுக்கு நடுவில் அவள் புருஷன் தியென்-ஃபூ படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர்களோடு சுற்றுலா போனபோது எடுத்த படம். பக்கத்தில் நின்ற கூட்டாளியை வெட்டியெடுத்தும் தோளில் அவன் விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

“என்ன கேட்டீங்க?”

“மருமகள்னா சணல். வீட்டோட சேர்ந்தவ. மருமகன்னா வெள்ளை. பாதிப் பிள்ளை, பாதி விருந்தாளி. இவங்க...” காவ் குரலைத் தாழ்த்தினார். “மகளைக் கட்டியிருக்காங்க, அதனால மருமகன் இடம்னு சொல்லலாம். ஆனா பொண்ணு. தைபேல பண்றாங்களாம், எப்படின்னு நான் விசாரிக்கல. நம்ம தௌலியுல எனக்கு இதுதான் முதல் தடவை.”

“நீலத்தைக் குடுங்க, தூரத்துச் சொந்தம் மாதிரி நிக்கட்டும்” என்றாள் பாவ்-ஜூ. தியென்-ஃபூவின் அக்கா. வந்த நாளிலிருந்து பந்தலின் நடு நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. “இல்லைன்னா விருந்தாளிங்களோட உக்காரட்டும். யாரு வேண்டாம்னா?”

“அத்தை” என்றாள் பெய்-ஜென்.

“என்ன அத்தை? முதல் நாளே என்னைக் குழப்பிவிட்டுட்டீங்க. கட்டிக்குடுத்த பொண்ணு தெருமுனையிலேர்ந்து அழுதுகிட்டே தவழ்ந்து வரணும். நீ கட்டிக்குடுத்தவளா, கட்டிக்கிட்டு வந்தவளான்னு கேட்டா, ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறீங்க. கடைசியில ரெண்டு பேருமே தவழ்ந்து வர்றீங்க!”

அது நடந்ததுதான். பெய்-ஜென் முட்டி போட்டதும், பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்த யி-வென் பெட்டியை மளிகைக்கடை வாசலில் விட்டுவிட்டுத் தானும் முட்டி போட்டாள். மருமகள் தவழ வேண்டாம், மருமகனும் தவழ வேண்டாம். இந்தப் பெண் எந்தக் கணக்கில் தவழ்ந்தது என்று தெருவில் யாருக்கும் புரியவில்லை. யூ-லானுக்கும் புரியவில்லை. மளிகைக்கடைக்காரி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, “பாவம், அந்தப் பொண்ணுக்கு முட்டி ரெண்டும் சிராய்ச்சுப் போச்சு” என்றாள்.

“பெரியவரு என்ன நினைச்சாரோ அதன்படி செஞ்சுடலாமே” என்றார் காவ். “இதுபத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?”

எல்லோரும் யூ-லானைப் பார்த்தார்கள். அவள் தியென்-ஃபூவைப் பார்த்தாள்.

என்ன சொல்லியிருக்கிறார்? அவர் எதைத்தான் வாயால் சொன்னார்? முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு போனைப் பிடித்துக்கொண்டார். விடிந்ததும் தாமரைப் பூ போட்ட காலை வணக்கம். பிறகு பாட்டுப் போட்டியில் அழும் பையன், தேர்தலில் நிற்பவர் ஆடும் கோமாளி ஆட்டம், கொரியா தொடரில் மாமியாரை அறையும் மருமகள், வாஷிங் மெஷினுக்குள் தூங்கும் பூனை. எல்லோருக்கும் எல்லாம் போகும். மகளுக்கும் போகும், மகளோடு இருந்த யி-வென்னுக்கும் போகும். யி-வென் ஒவ்வொரு நாளும் ஒரே பதில்தான் போடுவாள்: ‘சாப்ட்டாச்சா அங்கிள்?’ அதற்கு அவர் பதில் போட மாட்டார். அடுத்த பூனையை அனுப்புவார்.

பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளலாமா என்று நாடு முழுக்க ஓட்டுப் போட்ட அந்த வருஷம் வேறு விதமான படங்களும் அனுப்பினார். இந்தக் கல்யாணத்தை அனுமதித்தால் நாட்டில் பேரன் பேத்தியே இருக்காது என்று சிவப்பு எழுத்தில் ஒன்று. அதையும் கை தவறியோ என்னவோ யி-வென்னுக்கே அனுப்பிவிட்டார். பெய்-ஜென் போனில் கத்தினாள். யி-வென்னிடமிருந்து வழக்கம்போல வந்தது: ‘சாப்ட்டாச்சா அங்கிள்?’

“அவன் எதிர்ப்புதான்” என்றாள் பாவ்-ஜூ. “எனக்குத் தெரியாதா? எந்த நம்பருக்கு எதுல முத்திரை குத்தணும்னு நானே துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்தேன்.”

“நானும்தான் எழுதிக் குடுத்தேன்” என்றாள் பெய்-ஜென்.

இரண்டும் உண்மை. இரண்டு சீட்டையும் அவர் ஒரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கேள்விகளே பத்து. ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஒன்று, ஒப்புக்கொள்ளாமல் இருப்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்கிற தினுசில் இன்னொன்று. யூ-லான் சாவடித் திரைக்குப் பின்னால் நின்று தலை சுற்றிப்போய், எதிலோ எதையோ குத்திவிட்டு வந்தாள். தான் என்ன குத்தினோம் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. அவர் பையிலிருந்து எந்தச் சீட்டை எடுத்தார் என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் சட்டையை மெஷினில் போட்டபோது இரண்டு சீட்டும் கூழாகி, அவருடைய கறுப்புக் கால்சட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டன. “யாருதுன்னு பார்த்துப் பொறுக்கு” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

“யூ-லான், நீதானே கூடப் போனே? சொல்லு.”

“எனக்குத் தெரியாதுக்கா.”

“புருஷன் மனசு தெரியாதா?”

“சாப்பாட்டுல உப்பு கம்மின்னா தெரியும். அதுக்கு மேல என்கிட்ட என்ன சொன்னாரு?”

காவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வாத்தியக்காரர்கள் எக்காளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா என் பக்கத்தைத் தினம் பாப்பாரு” என்றாள் பெய்-ஜென் திடீரென்று. தைபேயில் அவள் ஒரு இணையப்பக்கம் நடத்தினாள். அரசியல், கல்யாணச் சமத்துவம், நாடகம், பாட்டு என்று அன்றன்றைக்கு வலையில் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் போடுகிற பக்கம். “பூனையெல்லாம் அங்கேர்ந்துதான் எடுத்து அனுப்புவாரு.”

“அதைச் சொல்லு!” பாவ்-ஜூ நாற்காலியில் நிமிர்ந்தாள். “பூனையாச்சேன்னு திறந்தா, கொஞ்சம் கீழே போனதும் ‘இவர்களும் மணந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்’னு உன் கட்டுரை. எனக்கு மட்டுமா? கோயில் கமிட்டி முழுக்க அனுப்பியிருக்கான். பூசாரி என்கிட்ட கேக்குறாரு, உங்க தம்பி கட்சி மாறிட்டாரான்னு.”

“கீழே இருந்ததைப் பாக்காம அனுப்பியிருப்பாரு” என்றாள் யூ-லான்.

“பாத்துட்டுத்தான் அனுப்பியிருப்பாரு” என்றாள் பெய்-ஜென்.

மறுபடியும் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். அந்தக் கல்யாணத்துக்குச் சட்டம் வந்த அன்று தலைநகரில் மழை. மழையில் நனைந்தபடி கூட்டம் அழுதுகொண்டிருந்ததை டிவியில் பார்த்துவிட்டு, “குடை எடுத்துட்டுப் போயிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். மகள் பதிவு செய்துகொண்ட நாளில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று தைபேக்குப் போகவில்லை. ஒரு பெட்டி பம்ப்ளிமாஸ் மட்டும் அனுப்பினார். ஆனால் பம்ப்ளிமாஸ் வருஷா வருஷம் அனுப்புவதுதான்.

“அம்மா” என்று பெய்-ஜென் அவள் காதருகில் குனிந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. “அவ விருந்தாளிங்களோட போய் உக்காந்தா நானும் அங்கேதான் உக்காருவேன். அப்பாவோட பெயர்ப்பலகையை யாரு தூக்குறதுன்னு அத்தையே பாத்துக்கட்டும்.”

செத்தவரின் ஆவி தங்கும் பலகை அது, பிள்ளைதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இருப்பது ஒரே பிள்ளை. அவளும் தூக்காவிட்டால் அந்த மனிதர் எப்படிப் போவார்?

“வேண்டாம் பெய்-ஜென்” என்றாள் யி-வென். நீட்டிய கையை அவள் எப்போதோ இறக்கிவிட்டிருந்தாள். “நான் பின்னாடி உக்காந்துக்கறேன். இங்கே இருந்தா போதும்.”

“நீ சும்மா இரு.”

காவ் தொண்டையைச் செருமினார். “ஒண்ணு செய்யலாம். அவரையே கேட்டுடலாமே?”

அதுதான் சரி என்று பாவ்-ஜூவும் சொன்னாள். பூசைமேசையில் சிவப்பு நூல் சுற்றிய இரண்டு நாணயங்கள் இருந்தன. வேளாவேளைக்கு அவர் சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்க இத்தனை நாளாகப் போட்டுக்கொண்டிருந்தவைதான். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் சரி என்கிறார். இரண்டும் பூ விழுந்தால் மாட்டேன் என்கிறார்.

யூ-லான் முட்டி போட்டாள். நாணயங்களை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துப் படத்தைப் பார்த்தாள். எப்படிக் கேட்பது என்று வரவில்லை.

“இந்தாங்க... யி-வென்னுக்கு மருமக துணி குத்தட்டுமா?”

நாணயங்கள் தரையில் உருண்டு படுத்தன. இரண்டும் தலை.

“ரெண்டும் தலைன்னா சிரிக்கிறாரு, பதில் இல்லை” என்றார் காவ்.

“சரியாக் கேளு” என்றாள் பாவ்-ஜூ.

“அப்போ மருமகன் துணியா?”

இரண்டும் தலை.

பந்தலின் பின்வரிசையில் யாரோ அடக்கமுடியாமல் களுக்கென்றார்கள். பாவ்-ஜூ எழுந்து வந்தாள். பெருமூச்சோடு முட்டி போட்டு, நாணயங்களைத் தம்பியின் படத்துக்கு நேரே நீட்டினாள். “டேய் ஃபூ, நான் அக்கா கேக்குறேன். விளையாடாதே. ஜனங்க உக்காந்திருக்காங்க. இந்தப் பொண்ணு வெளியே உக்காரட்டுமா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

ஒன்று அவள் முட்டிக்கருகிலேயே படுத்தது. தலை. இன்னொன்று பூசைமேசைக்கு அடியில் ஓடியது. யி-வென் குனிந்து பார்த்தாள். தொடவில்லை.

“என்ன?”

“தலைதான் அத்தை” என்றாள் யி-வென். சொன்ன பிறகுதான், அத்தை என்று தான் கூப்பிடலாமா என்று யோசிப்பவள்போலக் கீழே பார்த்தாள்.

பாவ்-ஜூ முட்டி போட்டபடியே படத்தை நிமிர்ந்து பார்த்தாள். “உயிரோட இருக்கறப்பவும் இப்படித்தான்” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “எது கேட்டாலும் ஒரு பூனையை அனுப்புவான்.”

யூ-லான் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பிறகு நாணயங்கள் இரண்டையும் எடுத்துத் தன் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“போதும். அவருக்குச் சிரிப்பா இருக்கு. நமக்கு நேரமாச்சு.”

தாம்பாளத்தைப் பார்த்தாள். வெள்ளையைத் தொட்டாள், விட்டாள். சணலை எடுத்தாள். எடுத்த பிறகும் அதுதானா என்று நிச்சயமில்லை. யி-வென்னின் கையைப் பிடித்து நீட்டச் சொன்னாள். ஊக்கு துணியில் ஏறாமல் இரண்டு முறை வழுக்கியது.

“இது சரியா அம்மா?” என்று பெய்-ஜென் மெதுவாகக் கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும்? தப்புன்னா கனவுல வந்து சொல்லட்டும். வாயைத் திறந்து சொல்லட்டும், கேக்கறேன்.”

எக்காளம் ஊதியது. பெண்டாட்டி புருஷனை வழியனுப்பப் போகக்கூடாது என்பது முறை. அதனால் யூ-லான் வாசலோடு நின்றுவிட்டாள். மகள் பெயர்ப்பலகையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். அதற்கு மேல் கறுப்புக் குடை பிடிக்க ஒரு கை வேண்டும். காவ் சுற்றும் முற்றும் பார்த்தார். பாவ்-ஜூ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “அந்தச் சணல் துணிக்காரியை விட்டா வேற யாரு இருக்கா?” என்றாள்.

குடை தெருமுனை திரும்பும்வரை யூ-லான் பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. யி-வென் குடையைப் பெயர்ப்பலகையின் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தாள்.

மத்தியானம் எல்லாம் முடிந்து திரும்பி வந்தார்கள். தகனத்தில் நெருப்பு மூட்டும்போது ஆவி விலகிப் போவதற்காக ‘அப்பா, நெருப்பு வருது, ஓடிப்போயிடு’ என்று கத்தியதில் பெய்-ஜென்னுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. யி-வென் கத்தினாளா என்று யூ-லான் கேட்கவில்லை. கேட்டால், என்னவென்று கூப்பிட்டாள் என்றும் கேட்கவேண்டி வரும்.

பெயர்ப்பலகையைக் கூடத்துப் பூசைமேசையில் வைத்து, சோறும் பன்றி இறைச்சி வறுவலும் ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். ஊதுபத்தி முக்கால்வாசி எரிந்துவிட்டது. பெய்-ஜென் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பாவ்-ஜூ தாழ்வாரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, “யாராவது கேட்டுட்டுக் கிண்ணத்தை எடுங்க, ஈ மொய்க்குது” என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

யூ-லான் எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்பு ஒத்துழைக்கவில்லை. பையிலிருந்து நாணயங்களை எடுத்து யி-வென்னிடம் நீட்டினாள்.

“நீ கேளு.”

யி-வென் சிராய்த்த முட்டியை மெல்ல ஊன்றி உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். உறவுமுறை சொல்லிக் கூப்பிட வேண்டிய இடம் வந்தது. அங்கே ஒரு மூச்சு விட்டுவிட்டு, “சாப்ட்டாச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

ஒன்று தலை. ஒன்று பூ.

அவள் திரும்பி யூ-லானைப் பார்த்தாள்.

“எடுத்துடு. ஆறிப்போச்சு” என்றாள் யூ-லான்.

யி-வென் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. யூ-லான் எட்டிப் பார்த்தபோது, சணல் துண்டு நனையாதபடி இடது கையைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.