தூக்குப்போசியின் அடியில்

என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிய அன்று, சீர்ப் பாத்திரங்களை டெம்போவில் ஏற்றியவர் என் மாமியார் பாப்பாயி. பெயர் வெட்டியதெல்லாம் என்னுடையது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எறிந்தார்.

"பிரவீனாங்கற பேரு இருக்கற கரண்டிகூட எங்கூட்டுல இருக்கக் கூடாதுங்க" என்றார், பஞ்சாயத்துக்கு வந்திருந்த பெரியவர் வெங்கடபதியிடம்.

பாத்திரம் வந்தது. நகை வரவில்லை. நகையை நானே என் தம்பி உதய்க்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதாகக் கணவர் கிருபாசங்கர் வாய் கூசாமல் சொன்னார். விற்று இணையத்துக் காசான கிரிப்டோ காயினில் போட்டீர்களே என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு காயினும் இல்லீங்க, சாமி சத்தியமா."

ஊர் அவரை நம்பியது. உதய்க்குப் பேசியிருந்த பெண் வீட்டார், திருட்டு நகை தின்ற குடும்பம் என்று பின்வாங்கினார்கள்.

சில மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

"நல்லா இருக்கறயா? அந்தப் பழைய தூக்குப்போசி இருக்குதல்ல? ஞாயித்துக்கெழம வாரேன். அம்மா கேக்குது."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். போனை வைத்ததும் பரணிலிருந்து தூக்குப்போசியை, அந்தப் பழைய தூக்குவாளியை, இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் என் பெயருக்குக் கீழே, பொடிப்பொடியாக இருபத்துநான்கு ஆங்கில வார்த்தைகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

பீளமேட்டில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு அது என்னவென்று தெரியாதா? காயின் களவு போகாமலிருக்க, இணையத்தோடு ஒட்டாத ஒரு சின்னக் கருவியில் அதன் ரகசிய எண் சாவியைப் பூட்டி வைப்பார்கள். கருவி கெட்டுப்போனால் அந்த வார்த்தைகளை வைத்து வேறொரு கருவியில் திறக்கலாம். தாளில் எழுதினால் கரையான் அரிக்கும் என்று மகாபுத்திசாலி எவர்சில்வரில் வெட்டியிருக்கிறார், அதுவும் என் சீர்ப் பாத்திரத்தில். டெம்போ ஏறியபோது கருவி கையிலிருந்த தைரியம். இப்போது அது செத்திருக்க வேண்டும்.

அதே மாதிரிக் கருவி ஒன்று வாங்கி வார்த்தைகளைப் போட்டேன். திறந்தது. என் நகையின் மதிப்பும், அதற்கு மேல் நாலு மடங்கும் இருந்தது. எல்லாவற்றையும் எனக்கு மட்டுமே தெரிந்த புதிய சாவிக்கு மாற்றினேன்; போசியின் வார்த்தைகளுக்கு இனி காலிப் பெட்டிதான் திறக்கும்.

"தப்பில்லையா கண்ணு?" என்றார் அப்பா நஞ்சுண்டன்.

"நகைக்கு மேல இருக்கறது எனக்கு வேண்டாங்கப்பா. நெசத்த ஒருக்கா சொல்லட்டும், குடுத்தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். காபிகூடக் குடிக்கவில்லை. போசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"என்ற நகை எங்கீங்க?"

"உன்ற தம்பியக் கேளு" என்றார், கண் போசியின் மேலேயே இருக்க.

"இன்னொருக்கா கேக்கறேன்."

"திருடிக்கு வாயப் பாரு" என்றார் மாமியார்.

போசியை நீட்டினேன். பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

சாயங்காலமே போன் வந்தது.

"காயின என்னடீ பண்ணுனே?"

"எந்தக் காயினுங்க? ஒண்ணுமே இல்லைன்னு சத்தியம் பண்ணுனீங்களே."

"போலீசுக்குப் போவேன்!"

"போங்க. என்ற நகைய வித்து வாங்குனதுன்னு அங்க சொல்லுங்க. இல்லாட்டி வெங்கடபதி ஐயா முன்னால வந்து, உதய் மேல பொய் சொன்னேன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. நகை போக மிச்சத்த அங்கயே அனுப்பிடறேன்."

வெங்கடபதி பேரைக் கேட்டதும் கத்தினார்.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார், படுபாவி. அத்தனை பணத்தையும் விடுவார், அந்த ஒரு வார்த்தையை விடமாட்டார். பணம் என்னிடம் தொடாமல் கிடக்கிறது. வருஷம் ஒன்றாயிற்று, உதய்க்கு இன்னும் யாரும் பெண் கொடுக்க வரவில்லை.