பச்சைச் சீட்டு லோடு

ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்து, ஒரே நேரத்தில் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு விரற்கடை கோணினாலும் மறுபக்கம் மடிப்பு விழுந்து வெளியே வரும். அந்தச் சலவை ஆலையில் இஸ்திரிக்காரி ஆறு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். உருளைக்கு அந்தப் பக்கம், வெளியே வரும் விரிப்புகளை மடித்து அடுக்குபவளை எல்லோரும் மடிப்பு அக்கா என்றார்கள்.

காவலாளி உருளையின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"காப்பகத்துலேர்ந்து போன் வந்துச்சும்மா. பிள்ளையைக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க."

"என்னாச்சு? விழுந்துட்டாளா?"

"அதெல்லாம் சொல்லல. உடனே வரணும்னாங்க."

அவள் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த லோடு முடியட்டும். பச்சைச் சீட்டு. ஹோட்டல் வண்டி பன்னெண்டுக்கு வந்து நிக்கும்."

ஹோட்டலில் தங்க வருகிறவர்களில் சிலருக்கு எதைத் தொட்டாலும் தோல் தடிக்கும். அவர்கள் படுக்கும் விரிப்புகளை வாசனையில்லாத சோப்பில் தனியாகத் துவைத்து, உப்பு நீக்கிய தண்ணீரில் நான்கு முறை அலசி, பச்சைச் சீட்டுக் கட்டி அனுப்புவார்கள். தள்ளுவண்டியில் இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்று கோணிக்கொண்டு போயிற்று.

"மனசை உள்ள விட்டுடாதடி, கையும் கூடவே போயிடும்" என்றாள் மடிப்பு அக்கா. "பசங்கன்னா ஏதாவது இருக்கும். காய்ச்சலா இருக்கும்."

காய்ச்சலாக இருந்தால் தேவலை என்று இஸ்திரிக்காரிக்குத் தோன்றியது.

காப்பகத்தில் மற்றக் குழந்தைகள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மகள், இரண்டரை வயது, செருப்புகள் வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். நடை அசைந்தசைந்து இருப்பதால் அப்பா அவளுக்கு வாத்து என்று பெயர் வைத்திருந்தான். முழங்கை மடிப்பை நகத்தால் சொறிந்துகொண்டே அவளும் அங்கிருந்தே பாடினாள். கைமடிப்பில் ரத்தம் கசிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து தோளில் ஏறிக்கொண்டு, கன்னத்தை அவள் சீருடையில் தேய்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றார் காப்பகத்து டீச்சர். "மூணு பேரோட அம்மாங்க வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்காங்க. சொறி பிடிச்ச பிள்ளையை எப்படி உள்ள விடறீங்கன்னு. ஒட்டிக்குமாம்."

"இது அது இல்ல டீச்சர். பல் முளைக்கும்போதே இருந்துச்சு. வீட்டுல எங்களுக்கு வந்துச்சா பாருங்க."

"நீங்க சொன்னா ஆச்சா? டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கூட்டிட்டு வராதீங்க. என் நிலைமையையும் பாக்கணும்ல."

மறுநாள் அவள் விடுப்பு எடுத்தாள். கணவன் நகரப் பேருந்தில் கண்டக்டர்; அவனுக்கு அன்று காலை முறை. ஆஸ்பத்திரி வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி பிள்ளையின் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சற்று நேரத்தில் எழுந்து நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா பிள்ளையின் சட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முட்டிக்குப் பின்னால், கழுத்தைச் சுற்றி, பனியன் படும் முதுகு முழுவதும் தோல் சிவந்து சொரசொரத்திருந்தது.

"இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

"கடைக்காரர் ஒரு களிம்பு குடுத்தாரு. பக்கத்து வீட்டுல ஒரு எண்ணெய் சொன்னாங்க. அப்புறம் பவுடர். முட்டையை நிறுத்திட்டேன். பாலையும் நிறுத்திப் பாத்தேன்."

"நான் சொல்லாம சாப்பாட்டுல எதையும் நிறுத்தாதீங்க. பிள்ளை வளரணும்." அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இது எக்ஸிமா. கரப்பான்னு சொல்வாங்களே, அதுதான். கட்டிப் பிடிச்சாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது."

"அதை எழுதித் தருவீங்களா டாக்டர்?"

குணமாகுமா என்பதற்கு முன்னால் அதைக் கேட்டுவிட்டோமே என்று அவளுக்கு முகம் சுண்டியது. டாக்டரம்மா எழுதிக்கொண்டே பேசினார். குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், சீக்கிரம் முடிய வேண்டும். வாசனை சோப்பு கூடாது. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் இந்த கிரீமை உடம்பு முழுக்கத் தாராளமாகப் பூச வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு வேளையாவது. ரொம்பச் சிவந்த இடத்துக்கு மட்டும் இந்தச் சின்ன ட்யூப், மெல்லிசாக, ஒரு வாரம். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

"போயிடுமா டாக்டர்?"

"அடங்கும். அப்பப்ப எட்டிப் பாக்கும். நிறையப் பிள்ளைங்களுக்கு வளர வளரக் குறைஞ்சிடும்." அவர் மூக்கைச் சுருக்கினார். "துணியெல்லாம் எதுல துவைக்கிறீங்க?"

ஆலையில் தொழிலாளிகளுக்கு மாதம் ஒரு பை சோப்புத்தூள் கொடுப்பார்கள். அதைச் சொன்னாள். அந்த வாசனைதான் அவள் மேலும் அடித்தது.

"அதை நிறுத்துங்க. வாசனையில்லாத சோப்புல துவைச்சு, நல்லா அலசணும், ஒரு பொட்டு சோப்பு நிக்கக் கூடாது. அப்புறம் வேலைத் துணியோட பிள்ளையைத் தூக்காதீங்க."

கடிதம் பலித்தது. காப்பகத்து டீச்சர் அதைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டினார். தனிப் பாய் கூடத்துக்கு வந்தது, ஆனால் ஓரத்தில்தான் கிடந்தது.

"டாக்டரம்மா என்ன வியாதின்னாங்க?" என்று கேட்டான் கண்டக்டர்.

"கரப்பானாம்."

"கரப்பானா? அது அடுப்படியிலதானே ஓடிட்டிருந்துச்சு. புள்ள மேல எப்ப ஏறுச்சு?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டுதான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். பல நாளாயிற்று அந்த வீட்டில் அவள் சிரித்து.

கிரீம் வேலை செய்தது. முழங்கை மடிப்பு ஆறியது, முட்டி ஆறியது. பனியன் படுகிற இடம்தான் அடங்கவில்லை. நாலு கடை ஏறி வாசனையில்லாத சோப்பு வாங்கிவந்தாள். ஆனால் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். ஒரு வீட்டுக்கு நான்கு குடம். சமையல், குளியல் போக மிஞ்சுவதில் ஒரு தடவைக்கு மேல் அலச முடியாது. காய்ந்த பனியனை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பாள். சோப்பு அதில் விறைப்பாக நின்றிருக்கும். பிள்ளை தூக்கத்தில் முதுகைச் சுவரில் தேய்க்கும். அந்தச் சத்தத்துக்கே அவள் விழித்துக்கொள்வாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விட்டால் சொறியும், பிடித்தால் அழும்.

எல்லாவற்றையும்விட மாலை நேரம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. காப்பகத்து வாசலில் வாத்து கைகளை விரித்துக்கொண்டு ஓடிவரும். அவள் பிள்ளையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி நிறுத்துவாள்.

"அம்மா குளிச்சிட்டு வந்து தூக்கறேண்டா. குளிச்சிட்டு."

பிள்ளை நடுத்தெருவில் உட்கார்ந்து அழும். போகிறவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு நாள் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"சார், என் பிள்ளையோட பனியன் ஆறு இருக்கு. உள்ளங்கை அளவுதான். பச்சைச் சீட்டு லோடுல வாரம் ஒரு தடவை போட்டுக்கட்டுமா சார்?"

"என்னம்மா பேசற நீ? ஹோட்டல் துணி அது. உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் மூட்டை கட்டிட்டு வருவாங்க."

"டாக்டர் சீட்டு இருக்கு சார். ஒட்டாதுன்னு எழுதியிருக்காங்க."

அவர் அதை வாங்கிப் படித்தார். முழுவதும் படித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உன் பிள்ளைக்குச் சரி. ஹோட்டல்காரன்கிட்ட இதைக் காட்ட முடியுமா?"

அடுத்த திங்கட்கிழமை அவள் ஆறு பனியன்களையும் வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தாள். லோடு உள்ளே போகும் நேரத்தில் இரண்டு தலையணை உறைகளுக்குள் திணித்துவிட்டாள். உருளைக்கு வந்தபோது எடுத்து மறுபடி சீருடைக்குள் வைத்துக்கொண்டாள். மடிப்பு அக்கா பார்த்தாள். பார்க்காத மாதிரி மூக்கைச் சொறிந்துகொண்டாள். வாசல் சோதனையில் பையைத்தான் பார்ப்பார்கள். காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு அவளை அனுப்பினார்.

மூன்று வாரத்தில் பிள்ளையின் முதுகு மாறியது. முதலில் சிவப்பு வெளிறியது, பிறகு சொரசொரப்பு போயிற்று. கண்டக்டர் புறங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏய், இது யார் வீட்டுப் புள்ள?" என்றான். வாத்து விடிய விடியத் தூங்கியது. அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு திங்களும் இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு பனியன்களை எண்ணி எடுத்து வைத்தாள்.

ஐந்தாவது வாரம் உருளைக்கு ஐந்து பனியன்தான் வந்தது.

தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். சலவை இயந்திரத்தின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினாள். "என்ன தேடற?" என்று மடிப்பு அக்கா கண்ணால் கேட்டாள். அடுக்கிய கட்டுகளையெல்லாம் வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். சூப்பர்வைசர் கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் பனியன், கழுத்தில் நீலத் தையல் போட்டது. ஹோட்டலில் தங்க வந்த ஒரு அம்மா தலையணை உறையை உதறியிருக்கிறாள்; அது கட்டிலில் விழுந்திருக்கிறது.

"யாரோடது?"

அவர் பையை வரிசையின் கடைசி வரை காட்டிக்கொண்டு நடந்தார்.

"கட்டு மேல மடிச்சவங்க நம்பர் இருக்கு. பதினொண்ணு." அவர் மடிப்பு அக்காவைப் பார்த்தார். "உன் நம்பர்தானே? உனக்கு ஏது இந்த வயசுல பிள்ளைப் பனியன்?"

மடிப்பு அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. 

"என்னோடது சார்" என்றாள் இஸ்திரிக்காரி.

மேனேஜர் அறையில் அவள் அரை மணி நேரம் நின்றாள். அவர் அதட்டவில்லை. இரண்டு பிள்ளைகளின் படம் மேசை மேல் இருந்தது. ஹோட்டலுக்குத் தான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினார். தவறு செய்த ஊழியர் சுத்தத் துணிப் பிரிவிலிருந்து அகற்றப்பட்டார் என்று அதில் இருந்தது.

"வேலையை விட்டு அனுப்பல. அதை நினைச்சுக்கோ" என்றார். "நாளையிலேர்ந்து ஊறல் பகுதி."

ஊறல் பகுதி கட்டடத்தின் பின்பக்கம், தகரக் கூரையின் கீழ். கறை படிந்த துணிகளை வெளுப்பு மருந்துத் தொட்டியில் அமுக்கி, புரட்டி, தூக்கிப் போட வேண்டும். கையுறை ஒரே அளவில்தான் வரும், ஆண்களுக்கானது. தொளதொளத்த அதன் வாய் வழியே மருந்து உள்ளே இறங்கும். முதல் நாள் மாலை மடிப்பு அக்கா அங்கே வந்து நின்றாள். தன் கையுறைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவை துணிக் கையுறைகள். அரை நாளில் ஊறிப்போயின.

இரண்டாவது வாரத்தில் விரல் கணுக்கள் வெடித்தன. அவள் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். சோறு பிசையும்போது கண்டக்டர் பார்த்துவிட்டான்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போயிடு."

"விடுப்பா கேக்கச் சொல்றீங்க? இப்பவா?"

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றைத் தானே பிசைந்தான்.

குளித்தாலும் அவள் மேல் மருந்து நெடி போகவில்லை. பிள்ளையைத் தொட்டால் அவள் விரல்கள் சிராய்த்தன. அதனால் கிரீம் பூசும் வேலை கண்டக்டருக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வாத்தை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு, டிக்கெட் கிழிக்கும் வேகத்தில் பூச ஆரம்பித்தான். அவள் வாசற்படியருகே, எட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தேய்க்காதீங்க. மேலேர்ந்து கீழ, ஒரே பக்கமா. முடி போற பக்கம்."

"டீச்சரு."

"கழுத்து மடிப்புல விட்டுட்டீங்க பாருங்க."

பிள்ளை சிரித்து நெளிந்தது. முதுகு வழவழவென்று பளபளத்தது. மறுபடி வீட்டிலேயே அலசிய பனியன் படுகிற மேல்முதுகில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் புதிதாகச் சிவப்புப் புள்ளி எழும்பியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். 

பூசி முடித்து அவன் பிள்ளைக்குச் சட்டை போட்டுவிட்டான். ஆள்காட்டி விரலில் கொஞ்சம் கிரீம் மிச்சம் இருந்தது. அந்த விரலை நீட்டியபடி அவளிடம் வந்தான்.

"கையைக் காட்டு."

"வேண்டாங்க. நாளைக்கு அவளுக்கு ஆகும்."

"இத்துனூண்டுதான்."

"வேண்டாம்னா."

அவள் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டாள்.  அவன் உட்கார்ந்து, கிரீம் டப்பாவைத் திறந்து, அதன் விளிம்பில் விரலை மெதுவாக, மீதி ஒட்டாமல் இருக்கும்படி வழித்துவிட்டு மூடினான்.