நாலாவது சேதி

எட்டு வருஷமாகத் தான் நின்று பாடம் நடத்திய கூடத்தில், அன்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் புவனேஸ்வரி. முன்னால் நின்று நடத்தியவள் பானுப்ரியா. தடுப்பூசி போடவே அவளுக்குக் கற்றுக்கொடுத்தது புவனேஸ்வரிதான். நினைத்தால் சிரிப்பு வரும். சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

விஷயம் இதுதான். புவனேஸ்வரிக்குச் செம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் செவிலியர் வேலை. வீடு தாடிக்கொம்பில். போக மூன்று பஸ், வர மூன்று பஸ், பதினோரு வருஷம். முட்டி இரண்டும் தேய்ந்தாயிற்று. இப்போது தாடிக்கொம்பிலேயே ஓர் இடம் காலி. திங்கட்கிழமை இடமாறுதல் கலந்தாய்வு. தடுப்பூசிப் பயிற்சி பெற்றதாகப் பதிவு இருந்தால்தான் அதில் கூப்பிடுவார்கள். ஆனால் பயிற்சிகளைப் பதிவு செய்யும் போர்ட்டலில் அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். பயிற்சி பெற்றவர்களுக்குத்தான் போர்ட்டலில் இடம் உண்டு, கொடுத்தவர்களுக்கு இல்லை. அவளிடம் படித்த அறுபது பேருக்கும் சான்றிதழ் ஏறியிருந்தது.

முன்னதாக ஒரு நாள், பழைய சான்றிதழ்களை எல்லாம் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போய் அலுவலக மேஜையில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பாண்டியராஜ் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"பேப்பரெல்லாம் செல்லாது சிஸ்டர். போர்ட்டல்ல ஏறுனாத்தான் உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு பயிற்சி இருக்குல்ல, அதுல உக்காந்துருங்க."

"அது நான் நடத்துறதுப்பா."

"அப்ப வேற யாரையாச்சும் நடத்தச் சொல்லுங்க."

அப்படித்தான் பானுப்ரியா வந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் செய்முறைத் தேர்வு. பொம்மைக் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு, தாய் எதிரே இருப்பதாக நினைத்து நான்கு சேதி சொல்ல வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் தேர்ச்சி கிடையாது. இந்த விதியைச் சொல்லி பானுப்ரியாவையே இரண்டு தடவை திருப்பி அனுப்பியவள் புவனேஸ்வரி.

கை தன் பழக்கத்தில் ஊசியைப் போட்டது. வாயும் தன் பழக்கத்தில் பேசியது.

"இன்னைக்குப் போட்டது தட்டம்மை வராமத் தடுக்குற ஊசிம்மா. லேசாக் காய்ச்சல் அடிக்கும், பயப்படாதீக. அடுத்த ஊசிக்கு எப்ப வரணும்னு இந்த அட்டைல எழுதியிருக்கேன்."

அதோடு நின்றுவிட்டாள். போனில் விரலை வைத்துக்கொண்டு பானுப்ரியா காத்திருந்தாள்.

"அக்கா, நாலாவது?"

"தெரியும்டி. வாய்ல வர மாட்டேங்குது."

அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்பதுதான் நாலாவது. எத்தனை ஆயிரம் தாய்மாரிடம் சொல்லியிருப்பாள்! அவர்களும் அதை அரிசிப் பானைக்குள்ளும் கல்யாணப் புடவை மடிப்பிலும் வைத்து, கேட்டபோதெல்லாம் எடுத்து நீட்டினார்கள்.

"நானும் அம்புட்டையும் பத்திரமாத்தான வச்சிருந்தேன், பானு." வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

பானுப்ரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். "விடுங்கக்கா. நாலும் சொன்னதாவே போட்டுர்றேன்."

"போடாத!" கூடமே திரும்பிப் பார்த்தது. "எனக்கு இன்னைக்குப் போட்டீன்னா, நாளைக்கு எல்லாத்துக்கும் போடுவ. செத்த நேரம் இரு."

செம்பில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு, காலியாகக் கிடந்த எதிர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த அட்டையப் பத்திரமா வச்சிருங்கம்மா. எப்ப வந்தாலும் மறக்காமக் கொண்டாங்க."

பானுப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தொட்டாள். அடுத்த நிமிஷம் புவனேஸ்வரியின் போனில் சேதி வந்து விழுந்தது. வாழ்த்துகள், நீங்கள் இப்போது தடுப்பூசி போடத் தகுதி பெற்றுவிட்டீர்கள்.

இருபத்தாறு வருஷமாகப் போட்டுக்கொண்டிருப்பவள் அதை இரண்டு தடவை படித்தாள். திங்கட்கிழமைக்கு வழி பிறந்துவிட்டது. சந்தோஷப்படத்தான் தெம்பில்லை.

பஸ்ஸுக்குப் போகும் முன் பாண்டியராஜிடம் அந்தப் புதுச் சான்றிதழை ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள்.

"எதுக்கு சிஸ்டர்? அதான் ஏறிருச்சே."

தாளை வாங்கி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மஞ்சள் பையில் மற்றவற்றோடு வைத்தாள்.