எண்டர் தட்டினால் முதல் வரி

வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. அண்ணி துணிமணிகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தாள். தங்கை, சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கணினியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பராமரிப்பு இல்லத்தில் அவருக்கு இடம் பிடித்தாகிவிட்டது. கேட்டபோது அவரே சரி என்று சொல்லியிருந்தார்.

வாயால் சொல்லவில்லை. நரம்பு நோய் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு, முகத்தையும் மரக்கட்டை ஆக்கிவிட்டது. மிச்சம் வைத்தது வலது ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான். அண்ணனும் தங்கையும் ஒரே எடிட்டரில் நிரல் எழுதிப் பிழைத்தவர்கள். எழுதுவதற்கான மென்பொருள்தான் அது. ஆனால் புதிதாக ஒரு கட்டளையை எழுதிச் சேர்த்தால், பிறந்ததிலிருந்தே தனக்குத் தெரிந்ததைப்போல ஏற்றுக்கொள்ளும். தங்கை அதில் ‘சொல்’ என்று ஒரு கட்டளையைச் சேர்த்தாள். எண்டர் விசையைத் தட்டினால் திரையில் ஒரு கட்டம் திறக்கும். ஓரெழுத்து போட்டால் போதும், அதில் தொடங்கும் வாக்கியங்கள் கீழே வரிசை கட்டும். ‘த’ என்றால் ‘தண்ணி வேணும்’, ‘தலையணைய மாத்து’. மறுபடி எண்டர் தட்டினால் முதல் வரியைக் கணினி குரலெடுத்துச் சொல்லும். அடிக்கடி சொல்வது தானாக மேலே ஏறிக்கொள்ளும். எழுத்தே போடாமல் தட்டினாலும் முதல் வரிதான். சொன்ன பிறகு அடுத்த தட்டை வாங்கக் கொஞ்சம் இடைவெளி விடும். திறக்கவும் எண்டர், சொல்லவும் எண்டர். விரல் இம்மி நகர வேண்டாம் என்பதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

“ஏங்க, அந்த நீலப் போர்வைய எடுத்து வெச்சிடட்டுமா?” என்றாள் அண்ணி.

“சரி,” என்றது கணினி.

“பாத்தியா? ஒரு மாசமா எதுக்கும் மறுபேச்சு கெடையாது. கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மனுஷன் இப்படி ஒத்துப்போனதே இல்ல.”

தங்கை சிரித்தாள். “அண்ணா, நீயா இது? உன் கோடிங் எல்லாம் குப்பைன்னு சொன்னாக்கூட சரிம்பியா?”

“சரி.”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் மல்லுக்கு நிற்கிற ஆள். அதோடு, அவள் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டம் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்து மூடிவிட்டது. அந்த வேகத்தில் யாராலும் படித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. குனிந்து பார்த்தாள். விரல் இன்னும் விசைமேல் அழுந்திக் கிடந்தது.

அழுத்திப் பிடித்த விசையைக் கணினி ஒரே தட்டாக எடுத்துக்கொள்ளாது. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டுவதாக நினைத்துக்கொள்ளும். நல்ல விரல் அதற்குள் மேலே எழுந்துவிடும். நோய் முற்றி மெதுவாகிவிட்ட இந்த விரல் எழவில்லை. முதல் தட்டு கட்டத்தைத் திறந்தது, அவர் தட்டாத இரண்டாவது தட்டு முதல் வரியைச் சொன்னது. முதல் வரி ‘சரி’. சொல்லச் சொல்ல அது மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

‘வேண்டாம்’ என்று சொல்லவும் கட்டத்தைத் திறந்தாக வேண்டும். திறந்தால் ‘சரி’. ‘இதைச் சொன்னது நானில்லை’ என்று கத்த நினைத்தாலும் ‘சரி’.

“அண்ணி, பெட்டிய மூடாதீங்க. அண்ணா சரின்னு சொல்லவே இல்ல.”

“என் காதால கேட்டேனே!”

“நீங்க கேட்டது நான் பண்ணி வெச்ச கோளாறு.” விரலைக் காட்டி விளக்கினாள்.

அண்ணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். “அப்போ மீசைய எடுத்துடலாமான்னு கேட்டது?”

“அதுக்கும் அவர் சொல்லல.”

“என் தம்பிக்கு பைக்கக் குடுத்தது?”

“ஐயோ, அதுவுமா?”

வெளியே ஹாரன் அடித்தது. இந்த எடிட்டரில் ஒரு வசதி, அதை மூடித் திறக்காமலே அதன் குணத்தை மாற்றிவிடலாம். தங்கை தட்டத் தொடங்கினாள். கட்டம் திறந்த பிறகு விரல் ஒரு தடவை எழும்வரை எண்டர் செல்லாது. எழுத்துப் போடாதவரை எந்த வரியும் தேர்வாகாது. அவசரத்தில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனது. எடிட்டர் கோபித்துக்கொண்டது. அதையும் போட்டாள்.

“அண்ணா, இப்ப கேக்கறேன். அந்த இல்லத்துக்குப் போறியா?”

கட்டம் திறந்தது. திறந்தபடியே நின்றது. விரல் விசையிலிருந்து பிய்த்தெடுத்தாற்போல் எழுந்து, ஊர்ந்து போய் ஓரெழுத்தை அழுத்தியது. ‘ப’. கீழே ‘பசிக்குது’, ‘படுக்கணும்’ என்று வரிசை வந்தது. அவர் எதையும் எடுக்கவில்லை.

“பரவாயில்லன்னு சொல்ல வராரோ?”

“நீங்க முடிக்காதீங்க அண்ணி.”

எழுத்து கூடக் கூட வரிசை மெலிந்தது. கடைசியில் கீழே ஒன்றுமே இல்லை. இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறார் என்று அர்த்தம். மறுபடி ஹாரன். யாரும் நகரவில்லை.

“பயமா இருக்கு. போகல,” என்றது கணினி, தண்ணீர் கேட்கும் அதே குரலில்.

அண்ணி அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். “ராத்திரி உங்கள யாருங்க புரட்டிப் படுக்கவைக்கறது? என் இடுப்பு விட்டுப்போச்சு. இவளும் ஊருக்குக் கெளம்பிடுவா.”

விரல் மறுபடி விசைக்கு வந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

“தெரியும். ஆனாலும் போகல.”

அண்ணி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“இன்னிக்கு வேணாங்க,” என்று அவள் சொன்னது கேட்டது.

“அப்ப நாளைக்கு வரட்டுமா?” என்று டிரைவர் கேட்டதும் உள்ளேவரை கேட்டது.

அண்ணியின் பதிலுக்காக அண்ணனும் தங்கையும் வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் பதில் வர நேரம் ஆயிற்று.