நர்ஸம்மா வீட்டுப் பன்றிக்குட்டி

நெதர் பிட்டன் கிராமத்தின் கோடைத் திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பன்றிக்குட்டி பரிசு உண்டு. ஒன்பது மரக்கட்டைகளை நிறுத்திவைத்திருப்பார்கள். காசு கட்டினால் மூன்று முறை பந்தை உருட்டலாம். சாயங்காலத்துக்குள் யார் அதிகக் கட்டைகளைச் சாய்த்திருக்கிறார்களோ அவர்களுக்குப் பன்றிக்குட்டி. அதை இலவசமாகக் கொடுப்பவர் மேட்டுப் பண்ணைக்காரர் ஜெஸ்ஸி ஹாப்டே. தவறாமல் ஜெயிப்பவர் அவருடைய தம்பி சைலஸ் ஹாப்டே. இரண்டு பேருக்கும் ஒரே பண்ணை, ஒரே தொழுவம்.

"பன்னிக்கு வருஷத்துல ஒரு நாள் லீவு. வந்து டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுது" என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். தேவாலயக் கூரைக்குப் பணம் சேர்க்கிற காரியம் என்பதால் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

அந்த வருஷம் டல்சி டாரன்ட்டுக்கு ஒன்பது வயது. யுத்தம் முடிந்து வெகுநாள் ஆகியும் இறைச்சிக்கு ரேஷன் இன்னும் நீங்கவில்லை. வாராவாரம் வருகிற துண்டு டல்சியின் அப்பா எர்னின் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாளெல்லாம் சாலையில் கல் கொத்தி ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதர், அதைத் தட்டில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு ஒரே வாயில் முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

டல்சிக்கு இறைச்சியில் ஆசை இல்லை. அவளுக்கு வீட்டில் உயிரோடு ஏதாவது வேண்டும். அம்மா எட்னா சுற்றுவட்டாரத்து நாலு கிராமத்துக்கும் நர்ஸ், மருத்துவச்சி எல்லாம் அவள்தான். சைக்கிளில் அவள் திரும்புகிற தெருவில் கிருமி கொல்லும் கார்பாலிக் சோப் வாசனை முதலில் வரும், மணிச் சத்தம் பின்னால் வரும். டல்சி தூக்கிவந்த பூனைக்குட்டி வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டது. தவளைக்கும் முள்ளெலிக்கும் அதே கதி. "கிருமி" என்று ஒரு வார்த்தை சொல்வாள் எட்னா. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆனால் பன்றி செல்லப்பிராணி இல்லையே, சாப்பாட்டுச் சாமான் ஆயிற்றே! சாப்பாட்டை அம்மா எப்படி வேண்டாம் என்பாள்? இந்த யோசனை வந்த நாளிலிருந்து டல்சிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

திருவிழா அன்று காலையில் மழை கொட்டித் தீர்த்துவிட்டு, மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. எட்னா முதலுதவிக் கூடாரத்தில் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எர்ன் மகளைத் தனியே கூப்பிட்டு ஒரு காசைக் கையில் திணித்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத. நல்லா குறி பாத்து உருட்டு. தொடைக்கறிடீ, டல்சி, தொடைக்கறி."

சைலஸ் அதற்குள் எட்டுக் கட்டைகளைச் சாய்த்துவிட்டு, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, வேலியில் சாய்ந்து நின்றிருந்தார். பந்து டல்சியின் தலையளவு இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி வீசினாள். அது கட்டைகளின் பக்கமே போகாமல் ஓரத்தில், பட்டால் அரிக்கும் காஞ்சொறிப் புதருக்குள் ஓடி ஒளிந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாப்பா, கால்ல போட்டுக்காத! ஒங்கம்மா கட்டுப் போடறதுக்குள்ள எங்கள ஒரு வழி பண்ணிடுவாங்க" என்றார் சைலஸ்.

டல்சி அந்தப் புதரையே பார்த்தாள். அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் புல்வெளியில் படுத்து உருண்டு விளையாடும் பிள்ளைகள் எல்லாரும், எங்கே ஆரம்பித்தாலும், கடைசியில் அந்தக் காஞ்சொறியில்தான் போய் விழுவார்கள். நிலம் அந்தப் பக்கம் சரிவு. அவள் நாலு எட்டு எதிர்ப்பக்கம் தள்ளிப்போய் நின்றாள்.

"ஏ புள்ள, கட்டை இங்க இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

டல்சி காலை அகட்டி, குனிந்து, பந்தை மெதுவாக உருட்டிவிட்டாள். ஈரப்புல்லில் அது சோம்பேறி மாதிரி போய், பாதி வழியில் வளைந்து, நடுவில் புகுந்தது. ஐந்து கட்டைகள் விழுந்தன. சைலஸ் வேலியிலிருந்து நிமிர்ந்தார். மூன்றாவது பந்து இன்னும் மெதுவாகப் போனது. மூன்று கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. நாலாவது இப்படியும் அப்படியும் ஆடியது. கட்டைக்கு மனசு வந்து, விழுந்தது. ஒன்பதும் சாய்ந்தாயிற்று.

அப்படி ஒரு கூச்சல் அந்த ஊரில் யுத்தம் முடிந்த அன்றுதான் கேட்டிருக்கும். ஜெஸ்ஸிக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

"பாதிரியார் ஐயா, இது பெரியவங்க போட்டி இல்லியா? சின்னப் புள்ளைக்குப் போயி..."

"அப்படி யாரு சொன்னா, ஜெஸ்ஸி? இத்தனை வருஷமா பன்னிய உங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பறோமே, அத விடவா இது அநியாயம்?" என்றார் பாதிரியார். சைலஸே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கூச்சலைக் கேட்டு, யாருக்கோ கால் உடைந்துவிட்டது என்று மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தாள் எட்னா. ஜெஸ்ஸியின் கையில் சாக்கும், சாக்குக்குள்ளிருந்து ஒரு ரோஜா நிற மூக்கும் தெரிந்தன.

"அம்மா, ஜெயிச்சிட்டேன்! இது சாப்பாடு!" என்றாள் டல்சி அவசரமாக.

"பன்னியா? என் வீட்டுக்கா? கொன்னுடுவேன்!"

அந்தக் குரலுக்குப் பயந்துதானோ என்னவோ, குட்டி சாக்கிலிருந்து துள்ளி விழுந்து ஓட்டம் பிடித்தது. கேக் கடை மேஜைக்கு அடியில் புகுந்தது. மேஜை விரிப்போடு வெளியே வந்தது. பின்னாலேயே ஜெஸ்ஸி, சைலஸ், எர்ன், பாதிரியார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பூரா. வாத்தியக்காரர்கள் வாசிப்பை நிறுத்தாமலே காலைத் தூக்கி வழி விட்டார்கள். எர்ன் பாய்ந்து பிடித்தது பாதிரியாரின் காலை.

எட்னா மட்டும் ஓடவில்லை. டீக் கூடாரத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, வெள்ளை ஏப்ரனை விரித்து, "வாடா கண்ணு, வா வா" என்று, பிரசவ அறையில் பேசுகிற அதே குரலில் கூப்பிட்டாள். குட்டி நேராக வந்து ஏப்ரனில் விழுந்தது. இரண்டே சுற்றில் பச்சைக்குழந்தை மாதிரி சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தட்டினாள். குட்டி விக்கியது.

"வயித்துல காத்து. யாரு இதுக்குக் கேக் குடுத்தது?"

மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். அதில் ஒருவர் பாதிரியார்.

ஜெஸ்ஸி மூச்சு வாங்க வந்து கையை நீட்டினார். "நர்ஸம்மா, ஒங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? குடுங்க, நானே கொண்டு போறேன்."

எட்னா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எம் பொண்ணு ஜெயிச்சது, ஜெஸ்ஸி. கைய எடுங்க. கழுவாத கை."

டல்சிக்குக் காதை நம்ப முடியவில்லை. வீடு வரைக்கும் அம்மாவின் பக்கத்தில் துள்ளித் துள்ளி நடந்தாள்.

வீட்டில் குட்டியைத் தகரத் தொட்டியில் போட்டுக் கார்பாலிக் சோப்பால் தேய்த்துக் குளிப்பாட்டினாள் எட்னா. எர்ன் கன்னத்தில் கை வைத்து அதன் பின்தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எர்ன், அத அப்படிப் பாக்காத."

"நான் சும்மாதானே பாத்தேன்."

"பேரு பிரிம்ரோஸ்" என்றாள் டல்சி, தாமதித்தால் ஆபத்து என்று.

எர்ன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேரு வெச்சிட்டா எப்படிடீ திங்கறது?"

"அதான்ப்பா வெச்சேன்."

இலையுதிர்காலம் வருவதற்குள் பிரிம்ரோஸ் எட்னாவின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடப் பழகிவிட்டது. முதலில் துரத்திவிட்டுப் பார்த்தாள். பிறகு அதற்காகவே மெதுவாக மிதிக்க ஆரம்பித்தாள். எந்த வீட்டு வாசலில் பன்றி படுத்திருக்கிறதோ அந்த வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்று நாலு கிராமத்துக்கும் தெரிந்துபோனது. ஆற்றங்கரை வீட்டு மிஸஸ் லவ்ரிட்ஜ், இடுப்பு வலியின் நடுவிலும், "பன்னி வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பல்லைக் கடித்தாளாம். பள்ளிக்கூடத்தில் டல்சிக்கு ராஜ மரியாதை. எர்ன் தன் கையாலேயே தொழுவம் கட்டி, கேட்காமலே அதற்கு ஒரு ஜன்னலும் வைத்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் சைலஸ் ஹாப்டே கதவைத் தட்டினார். கையில் துணி சுற்றிய ஒரு பெரிய தொடைக்கறி.

"எர்ன் அண்ணே, ஒங்க மூஞ்சிய பாத்தா பாவமா இருக்கு. எங்க பண்ணையில வளந்தது. ஒங்களுக்கு அறிமுகமில்லாத பன்னி. தைரியமா சாப்பிடுங்க."

எர்ன் இரண்டு கையாலும் அதை வாங்கி மேஜையில் வைத்தார். எட்னா சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டினாள். டல்சி தட்டுகளை எடுத்து வைத்தாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு எர்ன் மட்டும் எழுந்து போய், வாசனை தொழுவம் வரைக்கும் போகாதபடி, பின்கதவை இறுக்கச் சாத்திவிட்டு வந்தார்.