சிவப்புத் துணி கட்டிய செடிகள்

அந்த வீட்டில் இரண்டு மாதமாகக் கத்தரிக்காய்தான். பொரியல், புளிக்குழம்பு, சுட்டுப் பிசைந்தது, கடைந்தது என்று தெய்வாத்தாள் பக்குவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். காயை மாற்ற முடியவில்லை. ஒருநாள் காலையில் இட்லிக்கும் கத்தரிக்காய் வந்தபோது மகன் தரணீதரன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"ஏம்மா, பையர் இன்னும் அப்ரூவல் குடுக்கலையா?"

பனியன் கம்பெனிக்காரன் அவன். சாம்பிள் பார்த்து ஓகே சொல்லும் பையர் என்று அவன் சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கீர்த்தனாவை.

"குடுக்கற வரைக்கும் தின்னு. ஒரு முடிவு சொல்றதுக்கு உம்பொண்டாட்டிக்கு வாய் வரோணுமல்லொ," என்றாள் தெய்வாத்தாள். சொல்லிக்கொண்டே மருமகள் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

மங்கலம் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்தது அவர்கள் தோட்டம். ரோட்டைப் பார்த்தபடி தரணீதரனின் பனியன் கம்பெனி. அதற்குப் பின்னால் கிணறும், அவன் அப்பா லிங்கசாமி வெள்ளாமை செய்யும் நிலமும். லிங்கசாமி வருஷா வருஷம் விதைக்கடைக்காரர் சொல்லும் கத்தரியைத்தான் வைப்பார். போன ஆடிப்பட்டத்தில் வைத்ததைப் புழு தின்றது. குருத்து வாடித் தொங்கியது. காய்க்குக் காய் ஓட்டை. மருந்தடித்து மருந்தடித்துக் கை சலித்துப்போனவர், தாவரவியல் படித்த மருமகளைக் கூப்பிட்டார்.

"செடியைப் பத்திப் படிச்ச புள்ள நீ. வர்ற ஆடிக்கு என்ன ரகம் வெக்கறதுன்னு நீயே சொல்லு கண்ணு. நீ சொல்றத வெச்சுப்புடறேன்."

 கல்லூரி வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்தவள் கீர்த்தனா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் அவளிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவள் ஒன்று சொல்லி, அதன்படி ஒரு காரியம் நடந்ததில்லை. அவள் எதுவும் சொல்லாததுதான் காரணம். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிலம் முழுக்க அது முளைக்கும். தப்பாகச் சொன்னால் அதுவும் முளைக்கும்.

அதனால் வாயால் சொல்லாமல் நட்டுப் பார்த்தாள். கம்பெனிச் சுவரை ஒட்டி ஐந்து சால், ஒவ்வொன்றிலும் ஒரு ரகம்.

நான்கு ரகங்களுக்கு விதையை அங்கே இங்கே கேட்டு வாங்கினாள். ஐந்தாவது தானாக வந்தது. கம்பெனியில் செக்கிங் பார்க்கும் விஜயராணி, ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாள், சாம்பலில் புரட்டிய விதைகளை ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து பல வருஷமாகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் அந்த ஊர்ப் பேச்சு.

"எங்கூரு கத்தரிக்கா மேடம். காம்புல முள்ளு இருக்கும், காயும் சின்னது. புடிச்சா வைங்க. புடிக்கலைன்னா தூரப் போட்டுருங்க."

முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். தானும் ஒருவருக்கு ஒன்று கொடுப்பதாக இருந்தால் இப்படித்தான் கொடுப்போம் என்று கீர்த்தனாவுக்குத் தோன்றியது.

வைகாசியில் எல்லாச் சாலிலும் புழு விழுந்தது. ஐந்தாவது சாலில் மட்டும் அங்கொன்று இங்கொன்று. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. முள்ளாக இருக்கலாம், தோலாக இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஒரு சாலில் ஒரு தடவை பார்த்ததை நிரூபணம் என்று சொல்ல முடியாது என்பது மட்டும் தெரியும். ஆனால் அந்தக் காயை எண்ணெயில் வதக்கியபோது தெய்வாத்தாள், "இது எந்தச் சாலு?" என்று கேட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

இதை விஜயராணியிடம் சொல்ல வேண்டும் என்று கீர்த்தனா கம்பெனி வாசல்வரை இரண்டு தடவை போனாள். உள்ளே பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். அதற்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டாள்.

சொல்லாததற்குப் பதிலாக வேறொன்று செய்தாள். அந்தச் சாலில் நல்ல செடியாக நான்கைப் பொறுக்கி, அவற்றின் காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டாள். தெரியாமல் யாரும் பறித்துவிடக் கூடாதே என்று கட்டிங் வேஸ்டிலிருந்து பனியன் துணி எடுத்து நான்கு செடிக்கும் அடையாளம் கட்டினாள். அந்த மாதம் சிவப்பு டி-சர்ட் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு நல்லதுதான், தூரத்திலிருந்தே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பெரியப்பா மகள் கல்யாணத்துக்குக் காங்கேயம் போனாள். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போனபோது ஐந்தாவது சாலில் நான்கு இடம் வெறுமையாக இருந்தது.

செடிகள் வேலியோரம் கிடந்தன. வேரில் மண் உதறி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே நேராக அடுக்கப்பட்டிருந்தன. சிவப்புத் துணிகளை அவிழ்த்துச் சுருட்டி வேலிக்கல்லின் மேல் வைத்திருந்தார்கள். காய்கள் செடியிலேயே இருந்தன. அடிப்பக்கம் இப்போதுதான் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

"என்ன கண்ணு, இங்க உக்காந்துட்டே?" என்று தெய்வாத்தாள் வந்தாள். செடிகளைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "கம்பெனில ஆர்டர் இல்லீன்னு ராணியும் இன்னும் ரெண்டு பேரும் களை வெட்ட வந்தாங்க. இந்தச் சாலு ராணிதான். அவ இப்படிப் பண்றவ இல்லையே."

சத்தம் கேட்டு லிங்கசாமியும் வந்தார். விஷயத்தைக் கேட்டு, ஒரு செடியைத் தூக்கிப் பார்த்து வைத்தார்.

"போனது போச்சு. நாளைக்கு உடுமலைப் பக்கம் நாத்துப் பண்ணைக்குப் போறேன். இப்பச் சொன்னாத்தான் ஆடிக்கு நாத்துக் கெடைக்கும். கடைக்காரர் சொல்றதையே சொல்லிப்புடட்டுமா சாமி?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவள் தலை பாதி ஆடியும்விட்டது.

"சாயங்காலம் சொல்றனுங்க மாமா," என்றாள்.

கம்பெனிக்குள் ஒரு சின்ன ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. செக்கிங் பக்கம் கீர்த்தனா அதுவரை போனதில்லை. ட்யூப்லைட்டுக்குக் கீழே, வெள்ளை மேஜை முன்னால் நின்றிருந்தாள் விஜயராணி. ஒரு டி-சர்ட்டை விரித்தாள், புரட்டினாள், தோள் தையலில் விரலை ஓட்டினாள். மணிக்கட்டில் ஒட்டி வைத்திருந்த தாளிலிருந்து சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்துத் தையல் மேல் ஒட்டி, டி-சர்ட்டைக் கூடைக்குள் எறிந்தாள்.

அம்பு சிவப்பு.

கூடையைப் பார்த்தாள் கீர்த்தனா. கூடை நிறையச் சிவப்பு அம்பு. இனிக் கேட்க வேண்டியதில்லை. இருந்தும் கேட்டாள்.

"ராணிக்கா, அது எதுக்குங்க?"

"இதா? ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்டது, எல்லாத்துக்கும் இதான் மேடம். சிவப்பு ஒட்டினா ரிஜெக்ட்டு." அடுத்த டி-சர்ட்டை விரித்தாள். "நீங்க பின்னாடி கட்டியிருந்ததையும் பாத்தேன். மத்தவக கையால புடுங்கறதுக்கு நானே புடுங்கிட்டா ஒண்ணுமில்ல பாருங்க. இந்த மண்ணுக்கு அது வராதுன்னு எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே சொன்னாக. நாந்தேன் கேக்கல."

சிரித்தாள். கை மட்டும் டி-சர்ட்டின் ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"இல்லக்கா, அது நல்லா வந்துச்சு."

"என்னது?"

மெஷின் சத்தம். கீர்த்தனா மேஜைக்கு இன்னும் கிட்டே போனாள்.

"நல்லா வந்துச்சு. வெதைக்குன்னுதான் கட்டினேன்."

"கேக்கல மேடம், சத்தமாச் சொல்லுங்க."

டீ வந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. பவர் டேபிள்கள் ஒவ்வொன்றாக நின்றன. தொண்டையில் இருந்ததையெல்லாம் திரட்டி அவள் கத்தியபோது கடைசி மெஷினும் நின்றுவிட்டிருந்தது.

"அஞ்சுலயும் உங்க கத்தரிக்காதான் ஃபர்ஸ்ட்டுங்கக்கா."

கம்பெனி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் தரணீதரன் போனைக் காதிலிருந்து எடுத்தான். தமிழ் தெரியாத டெய்லர் பையன்களும் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரிந்து, விஜயராணியைப் பார்த்தார்கள்.

அவள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்ப நல்லதையா புடுங்கிப் போட்டேன்."

"நான் முன்னாலயே வந்து சொல்லியிருக்கோணும். ரெண்டு தடவை வாசல்வரைக்கும் வந்தேன்." கீர்த்தனாவுக்குக் காது சுட்டது. "எனக்குச் சிவப்பு பத்தித் தெரியாதுங்கக்கா. நல்ல பீசுக்கு என்ன கலர் ஒட்டுவீங்க?"

விஜயராணி அதை யோசித்துப் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"நல்ல பீசுக்கு என்னத்த ஒட்ட? ஒண்ணும் ஒட்ட மாட்டோம். மடிச்சு அந்தப் பக்கம் வச்சுருவோம்."

டீயைக் குடிக்காமல் இருவரும் வேலியோரம் போனார்கள். பிடுங்கிய செடியென்றாலும் காய் காம்போடு நிழலில் தொங்கினால் இன்னும் கொஞ்சம் பழுக்கும், உள்ளே விதையும் கொஞ்சம் முற்றும் என்று கீர்த்தனா சொன்னாள். எவ்வளவு முற்றும் என்று கேட்டாள் விஜயராணி. தெரியாது என்றாள். டி-சர்ட் தொங்கவிடும் கம்பியில் ஒரு ஓரத்தை ஒதுக்கி, நான்கு செடியையும் தலைகீழாகக் கட்டினார்கள். கட்டுவதற்குக் கையில் இருந்தது அதே சிவப்புத் துணிதான். விஜயராணியின் விரலில் முள் ஏறியது. "இதுக்குத்தேன் எங்கூருல பாதிப்பேரு இத வைக்க மாட்டாக," என்று விரலைச் சப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் லிங்கசாமி வந்து அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். கீர்த்தனா அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

"அஞ்சாவது சாலுங்க மாமா. ராணியக்கா குடுத்தது. இந்தக் காய்ல வெதை எவ்வளவு தேறும்னு தெரியல. அதனால பாதிக்கு மூணாவது சாலு வரிக்கத்தரி சொல்லிடுங்க, மத்த மூணுக்கு அதுல புழு கொஞ்சம் கம்மிதான். ஒரு சாலைப் பாத்துட்டு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா எந்தோட்டமா இருந்தா நான் இதத்தான் வெப்பேன்."

அந்த வீட்டில் அவள் ஒருசேர இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. தெய்வாத்தாள் கணவரைப் பார்த்தாள்.

"உந்தோட்டம்தான கண்ணு," என்றார் லிங்கசாமி. "பாதி வரிக்கத்தரி சொல்லிப்புடறேன். மீதிக்கு எங்க வெதை வரும், நாத்து விடத் தட்டு ஒதுக்கி வையுங்கன்னு சொல்றேன்."

"அப்பாடா, அப்ரூவல் வந்துருச்சு," என்றான் தரணீதரன். "அம்மா, நாளைக்கு ஒரு நாள் முருங்கைக்கா."

காய்கள் மஞ்சளாகித் தோல் சுருங்கியதும் ஒரு மத்தியானம் அவற்றை அறுத்து வாளியில் போட்டுப் பிசைந்தார்கள். தண்ணீர் ஊற்றியதும் விதையெல்லாம் மேலே வந்து மிதந்தது. மிதப்பது சோடை, அடியில் போவதுதான் முளைக்கும் என்று கீர்த்தனா முன்பே சொல்லியிருந்தாள்.

"போச்சா?" என்றாள் விஜயராணி.

"பொறுங்கக்கா. சதை ஒட்டியிருக்கு."

கையை விட்டு மெதுவாகக் கலக்கினாள். ஒன்று இறங்கியது. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியாதபடி இறங்கின. பாதிக்கு மேல் கடைசிவரை மிதந்தன, அவற்றை வழித்து வேலியோரம் ஊற்றினார்கள். அடியில் தங்கியவற்றை விஜயராணி ஒரு வெள்ளை டி-சர்ட்டின் மேல் பரப்பினாள். கழுத்துத் தையல் விட்டதென்று அவளே அம்பு ஒட்டி ஒதுக்கிய டி-சர்ட் அது. செக்கிங் மேஜையில் வைத்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் குனிந்து, நொறுங்கியதையும் கறுத்ததையும் விரல் நுனியால் தள்ளித் தள்ளி விட்டாள்.

கீர்த்தனா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்குங்கக்கா," என்றாள்.

"அதத்தேன் அன்னைக்கே சொல்லிட்டியே தாயி. கம்பெனியே கேட்டுச்சு."

"இன்னொரு வாட்டி சொல்லலாம்னுதான்."

விஜயராணி நிமிரவில்லை. டி-சர்ட்டின் ஒரு முனையைக் கீர்த்தனா பக்கமாக நகர்த்தி, அவளும் நின்று பார்க்க இடம் விட்டாள்.